துனிஸ் பார்தோ அருங்காட்சியகம்: ரோமானிய மொசைக் தரைகளை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது?

தெற்குவீதி கேட்டது:

அக்டோபரில் துனிசியா போகிறோம், இரண்டு பேர். ஞாயிறு இரவு துனிஸில் இறங்கி வியாழன் காலை கிளம்புகிறோம். திங்கள் பார்தோ அருங்காட்சியகம், செவ்வாய் கார்த்தேஜ், புதன் வெளியூர் என்று போட்டு வைத்திருக்கிறேன். கார் வாடகைக்கு எடுக்கப் போவதில்லை, ரயில், டாக்ஸிதான். கேள்விகள்:

பார்தோவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், எதை விடக்கூடாது? நூற்றுக்கணக்கான மொசைக் இருக்கிறதாம், பத்தாவதுக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடுமே என்று பயம்.

எது பழைய வேலை, எது பிற்காலத்தில் ஒட்டுப்போட்டது என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடியுமா?

ஃபோனில் படம் எடுத்தால் பளபளப்பு அடிக்காமல் எடுப்பது எப்படி?

புதன்கிழமைக்கு சூஸ், எல் ஜெம், பூலா ரெஜியா மூன்றில் எது?

---

கல்தச்சன்:

முதலில் நாளை மாற்றுங்கள். பார்தோவுக்குத் திங்கள் வார விடுமுறை. திங்கள் கார்த்தேஜ், செவ்வாய் பார்தோ என்று திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். கார்த்தேஜில் அந்தோனைன் குளியல் மாளிகை முதலானவை திறந்தவெளி. இன்னொன்று, பார்தோ இருக்கும், ‘பெய்’ என்ற பட்டம் கொண்ட பழைய துனிசிய ஆட்சியாளர்களின் அரண்மனை வளாகத்திலேயேதான் அந்நாட்டு நாடாளுமன்றமும் இருக்கிறது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தை முடக்கியபோது அருங்காட்சியகமும் சேர்ந்து மூடிப்போய், 2023 செப்டம்பரில்தான் மறுபடி திறந்தது. அதனால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை ஹோட்டலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வளாகத்தில் காவல் இருக்கும். நாடாளுமன்றப் பக்கம் ஃபோனைத் திருப்பவே வேண்டாம்.

போவது எளிது. நகர மையத்திலிருந்து மெட்ரோ என்று அவர்கள் சொல்லும் டிராமில் 4-ஆம் தடம், பார்தோ நிறுத்தம். மஞ்சள் டாக்ஸியில் போனால் மீட்டர் போடச் சொல்லி ஏறுங்கள்.

ஒதுக்க வேண்டியது நான்கு மணி நேரம். அதற்கு மேல் கண் வேலை செய்யாது. திறக்கும்போதே உள்ளே நுழைந்து, தரைத்தளத்தில் நிற்காமல் நேரே முதல் தளத்துக்கு ஏறுங்கள். பெரிய மொசைக்குகள் பெரும்பாலும் அங்கேதான். சுற்றுலாக் குழுக்கள் வந்து சேர்வதற்குள் வெர்ஜில் (ரோமானியக் கவிஞர்), யுலிசிஸ் (கிரேக்கக் காவிய நாயகன்) இரண்டு அறைகளையும் முடித்துவிட வேண்டும். கும்பல் முதலில் போய் நிற்பது அந்த இரண்டின் முன்னால்தான்.

நீங்கள் பயப்படும் சலிப்புக்கு ஒரு மருந்து உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் தரை. படம் என்று நினைத்துப் பார்த்தால் பத்தாவதில் அலுத்துவிடும். தரை என்று பார்த்தால், ஆள் எந்த வாசல் வழியாக வந்தான், எங்கே சாய்ந்து படுத்தான், யாருக்கு இந்த உருவம் நேராகத் தெரிந்தது என்று கேட்டுக்கொண்டே போகலாம். ரோமானிய விருந்தறையில் மூன்று பக்கமும் சாய்வுக் கட்டில்கள். கட்டிலுக்கு அடியில் மறையும் பகுதிக்கு வெறும் கட்டங்களும் முடிச்சுகளும்தான் போடுவார்கள். உருவங்களுக்கான காசெல்லாம் நடுவில் தெரியும் இடத்துக்கு. பழைய அகழ்வாளர்கள் பல இடங்களில் உருவம் உள்ள துண்டை மட்டும் வெட்டி எடுத்துவந்து, ஓரத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள். கரை திடீரென்று ஒரு பக்கம் அறுந்து நின்றால் அதையும் யோசியுங்கள்.

இதற்கு நல்ல உதாரணம் லா ஷெப்பாவிலிருந்து வந்த நெப்டியூன், கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. நடுவில் கடல் தெய்வத்தின் தேர், நான்கு மூலையிலும் நான்கு பருவங்கள். அந்த மூலை உருவங்கள் குறுக்குவாட்டில் நிற்கின்றன, ஏனென்றால் ஆள் சுற்றி நடந்து வரும்போது ஒவ்வொன்றாக அவனுக்கு நேராக வரவேண்டும். ரோஜாவும் நாயும் வசந்தம், கோதுமையும் சிங்கமும் கோடை, திராட்சையும் சிறுத்தையும் இலையுதிர் காலம், ஆலிவும் காட்டுப்பன்றியும் குளிர். இந்தச் சங்கேதத்தை இங்கே மனத்தில் பதித்துக்கொண்டால் மற்ற அறைகளில் பாதி மொசைக் தானாகப் புரியும்.

அடுத்து கார்த்தேஜின் ஜூலியஸ் பிரபு மொசைக். ஒரு பண்ணையாரின் ஆண்டு முழுக்க ஒரே தரையில். நடுவில் கோபுரங்களும் குளியலறைக் குவிமாடங்களும் கொண்ட மாளிகை, இருபுறமும் வேட்டைக்குப் புறப்படும் ஆட்கள். மேல் வரிசையில் இடக்கோடியில் ஆலிவ் உதிர்க்கிறார்கள், வலக்கோடியில் ஆட்டு மந்தை. கீழ் வரிசையில் இடப்பக்கம் எஜமானி தூணில் சாய்ந்து நிற்க, வேலைக்காரி நகை நீட்டுகிறாள். வலப்பக்கம் எஜமான் உட்கார்ந்திருக்க, ஒருவன் சுருள் கடிதம் நீட்டுகிறான். அந்தச் சுருளில்தான் ஜூலியஸ் என்ற பெயர். எல்லோரும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து எஜமானிடம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், அவர் எதையும் திருப்பிக் கொடுப்பதாக எங்கும் இல்லை. தரை போட்டவர் யார் காசில் போட்டார் என்பது தெளிவு.

வெர்ஜில் மொசைக் சின்னது, நான்கடி சதுரம்தான். 1896-இல் சூஸில் கிடைத்தது. கவிஞர் மடியில் விரித்த சுருளில் ஈனியிட் காவியத்தின் முதல் காண்டத்து எட்டாவது வரியின் தொடக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் வரலாற்றுத் தேவதை கிளியோ, மறுபக்கம் நாடக முகமூடியோடு மெல்போமினி. தூகாவிலிருந்து வந்த யுலிசிஸ் மொசைக் ஒரு முற்றத்துக் குளத்தைச் சுற்றி இருந்தது. பாய்மரத்தில் கட்டப்பட்ட யுலிசிஸ், எதிரே பறவைக் கால்களோடு, பாடி மாலுமிகளை மயக்கும் மூன்று சைரன்கள். ஒருத்தி கையில் குழல், ஒருத்தி கையில் யாழ். இதற்கு ஜோடியான, மது தெய்வம் டயோனிசஸின் மொசைக்கில் கடற்கொள்ளையர்கள் கடலில் குதித்து டால்ஃபினாக மாறிக்கொண்டிருப்பார்கள். அதையும் பார்த்துவிட்டே நகருங்கள்.

கும்பல் நிற்காத இரண்டு. ஒன்று அல்திபுரோஸ் குளியலறைத் தரை. இருபதுக்கும் மேற்பட்ட கப்பல் வகைகள், பலவற்றின் பக்கத்தில் அதன் பெயர் லத்தீனிலும் சிலவற்றுக்குக் கிரேக்கத்திலும். படத்தோடு போட்ட கப்பல் அகராதி என்றே சொல்லலாம். இரண்டாவது, எல் ஜெமிலிருந்து வந்த குடிகாரர் மொசைக்: ஐந்து பேர் வளைந்த மேசையில் குடித்து உளறுகிறார்கள், அவரவர் பேச்சு தலைக்கு மேலே எழுதியிருக்கிறது. முன்னால் காளைகள் படுத்திருக்கின்றன. பணியாள் சொல்வது: “சத்தம் வேண்டாம், காளைகள் தூங்கட்டும்.”

சூஸ் நெப்டியூன் 130 சதுர மீட்டருக்கு மேல் விரிந்தது, 56 வட்டங்கள். அதை ஒவ்வொன்றாகப் பார்க்க முயலாதீர்கள். நடு வட்டம், பிறகு ஒரே ஒரு வரிசை, போதும்.

---

சுர்க்கிசாந்து:

இரண்டாவது கேள்விக்கு. சொல்ல முடியும், ஆனால் தரை எப்படிக் கட்டப்பட்டது, எப்படிப் பெயர்க்கப்பட்டது என்று தெரிந்தால்தான்.

ரோமானியக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியஸ் எழுதிவைத்த கணக்கு இது. அடியில் கைப்பிடி அளவுக்குக் குறையாத கற்களின் அடுக்கு. அதன் மேல் மூன்று பங்கு உடைகல்லுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து, இடித்து இறுக்கியபின் முக்கால் அடி கனம். அதன் மேல் மூன்று பங்கு செங்கல் தூளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு விரல் கனம், அதாவது சுமார் 11 சென்டிமீட்டர். நம் ஊரில் பழைய கட்டடங்களுக்குப் போட்ட சுர்க்கி சாந்தேதான். கடைசியாக மெல்லிய சுண்ணாம்புப் படுக்கை. அது ஈரமாக இருக்கும்போதே சில்லுகளை, அதாவது மொசைக்கின் சிறு கல், கண்ணாடித் துண்டுகளை, பதிப்பார்கள். காய்வதற்குள் பதிக்க முடிந்த அளவுக்கு மட்டும் பூசுவார்கள், அதனால் ஒரு பெரிய தரையில் வேலை துண்டு துண்டாக நகர்ந்திருக்கும். நடைமுறையில் தோண்டிப் பார்த்த தரைகள் பல விட்ருவியஸ் சொன்னதைவிட மெல்லியவை. ஈரம் தேங்கும் இடத்தில் கனம் குறைத்துப் போட்டிருந்தால் தரை அலை அலையாக இறங்கியிருக்கும்.

சில்லு வெட்டுவது மரக்கட்டையில் நட்ட உளிமேல் கல்லை வைத்துச் சுத்தியலால் தட்டி. சாதாரண வேலைக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு, முகத்துக்கும் கைக்கும் நான்கைந்து மில்லிமீட்டர். வெள்ளை, கறுப்பு, சாம்பல் சுண்ணக்கல். மஞ்சளுக்குத் துனிசியாவின் வடமேற்கிலுள்ள ஷெம்தூ குவாரியின் பளிங்கு, ரோம் வரை ஏற்றுமதியானது. பளிச்சென்ற நீலமும் பச்சையும் கல்லில் அரிது, அதனால் கண்ணாடி. கண்ணாடிதான் முதலில் சிதையும், பொடிந்து குழியாகும். கடல் காட்சிகளில் நீலம் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னப் பள்ளம் தெரிந்தால் காரணம் இதுதான். கல் கல்லாகவே இருக்கும், கண்ணாடி போய்விடும்.

இப்போது ஒட்டுக்கு வருவோம். பெயர்க்கும் முறை: மேற்பரப்பைச் சுத்தம் செய்து உலர்த்தி, தண்ணீரில் கரையும் பசையால் துணி ஒட்டுவார்கள். காய்ந்ததும் அடியில் நீண்ட தட்டையான உளி விட்டு அறுத்து, பலகைமேல் கவிழ்த்து, முதுகிலிருக்கும் பழைய சாந்தைச் சுரண்டி எடுத்து, புதுப் படுக்கை ஊற்றி, திருப்பி, வெந்நீரால் துணியை உரிப்பார்கள். பெரிய தரையை முழுசாகத் தூக்க முடியாது, அறுத்துத்தான் ஆக வேண்டும். அந்த அறுப்புக் கோடு உங்களுக்கு முதல் தடயம்: வடிவத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நேராக ஓடும் மெல்லிய கோடு, இருபுறமும் சில்லுகள் ஒரு மயிரிழை பொருந்தாமல். கெட்டிக்கார வேலையாள் கரைப்பட்டையின் ஓரமாகவே அறுத்திருப்பார், அங்கே தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது தடயம் சில்லு வரிசையின் ஓட்டம். பழைய கைவேலையில் உருவத்தைச் சுற்றி ஒன்றிரண்டு வரிசை பின்னணிச் சில்லுகள் அந்த உருவத்தின் வளைவையே தொடர்ந்து போகும், அப்புறம்தான் நேராகும். நிரப்பிய இடத்தில் பெரும்பாலும் அந்த வளைவு இருக்காது. நேர் வரிசை வந்து உருவத்தில் முட்டி நிற்கும். சில்லுகள் ஒரே அளவில், ஓரம் கூராக இருக்கும். பழையதில் காலடி பட்டுத் தேய்ந்த ஓரம்.

மூன்றாவது, சில்லே இல்லாமல் சாந்து பூசி வண்ணம் மட்டும் ஏற்றியிருப்பது. இது நேர்மையான ஒட்டு, மறைக்க நினைக்காதது. ஒரு நடை தள்ளி நின்றால் கண் கடந்துபோகும், கிட்டப் போனால் தெரியும்.

19-ஆம் நூற்றாண்டு இறுதி முதல் பல பத்தாண்டுகள் வரை புதுப் படுக்கை என்றால் சிமென்ட், உள்ளே இரும்புக் கம்பி. ஈரக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சிமென்டைப் பிளந்து, மேலே மொசைக்கையும் பிளக்கும். நேர்கோட்டில், சம இடைவெளியில் விரிசல்கள் கண்டால் அடியில் கம்பி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமென்டிலிருந்து வரும் உப்பு இன்னொரு தலைவலி. இப்போது சுண்ணாம்புச் சாந்தும், கனம் குறைவான தேன்கூட்டு அலுமினியப் பலகையும் பயன்படுகின்றன. முடிந்தால் பெயர்க்காமலே, இருந்த இடத்தில் சுண்ணாம்புச் சாந்தால் ஓரம் கட்டிக் காப்பாற்றுவதுதான் இன்றைய வழக்கம்.

---

நிழல்படம்:

மூன்றாவதுக்கு, ஃபோன் போதும். ஒரு கணக்கு: மொசைக்கின் அகலத்தை 24-ஆல் பெருக்கி 36-ஆல் வகுத்தால், பெரும்பாலான ஃபோன்களின் முதன்மை லென்ஸுக்குத் தேவையான தூரம் வரும். ஐந்து மீட்டர் அகலத்துக்குச் சுமார் 3.3 மீட்டர் பின்னால் நின்றால் சட்டகம் நிரம்பும். ஓரம் விட்டு எடுக்க நான்கு. அகலக்கோண லென்ஸுக்கு மாறாதீர்கள், கரைகள் வில்லாக வளையலாம், பிறகு நேராக்குவது சிரமம். திரையில் கட்டக் கோடுகளை இயக்கி, மொசைக்கின் கீழ்க்கரையை ஒரு கோட்டோடு பொருத்துங்கள்.

பளபளப்பு வருவது ஜன்னலிலிருந்து. நேர் எதிரே நின்றால் முகத்தில் அடிக்கும், ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் போய்விடும். சிறு கோணலைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், வெளுத்துப்போன இடத்தைத் திருத்த முடியாது. ஃபிளாஷ் கூடாது. அது கல்லை ஒன்றும் செய்யாவிட்டாலும் படத்தைக் கெடுக்கும், காவலரையும் கூப்பிடும். கேமரா முக்காலிக்குத் தனி அனுமதி கேட்பார்கள், எடுத்துப் போகவே வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று படம்: முழுசு, விவரப் பலகை, ஒரு உள்ளங்கை அளவுக்கு நெருக்கம். நெருக்கப் படத்தில்தான் சில்லு அளவும் சுர்க்கிசாந்து சொன்ன வரிசை ஓட்டமும் பதிவாகும். பலகையை எடுக்காவிட்டால் ஊர் திரும்பியபின் எது தூகா, எது சூஸ் என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

---

மேட்டுக்குடியிருப்பு:

புதன்கிழமைக்கு என் ஓட்டு பூலா ரெஜியா. பார்தோவில் தரையைச் சுவரில் பார்த்துவிட்டு வந்தவர், தரையைத் தரையாகப் பார்க்க வேண்டாமா? அங்கே பணக்காரர்கள் வெயிலுக்குத் தப்ப வீட்டின் ஒரு மாடியை நிலத்துக்கடியில் கட்டினார்கள். படியில் இறங்கினால் முற்றம், தூண்கள், விருந்தறை, அதன் மொசைக், எல்லாம் போட்ட இடத்திலேயே. கடல் தேவி ஆம்ஃபிட்ரிட்டியின் வீடு என்று பெயர் பெற்ற வீட்டில் இருப்பது உண்மையில் வீனஸ், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கட்டில் எங்கே, வாசல் எங்கே என்று கல்தச்சன் சொன்ன எல்லாக் கேள்விக்கும் நின்ற இடத்திலேயே விடை.

போவது: துனிஸிலிருந்து ஜெந்தூபா வரை ரயில் அல்லது லூவாஜ் எனப்படும் பங்கு வண்டி, அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே டாக்ஸி. டாக்ஸிக்காரரிடம் திரும்பும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் சாலையில் நிற்க வேண்டியதுதான். லூவாஜுக்கு நேர அட்டவணை கிடையாது, இருக்கை நிரம்பினால் கிளம்பும். மாலையில் மெதுவாக நிரம்பும். தண்ணீர், சாப்பாடு, தொப்பி கையோடு. கீழ் அறைகளில் வெளிச்சம் குறைவு, டார்ச் உதவும்.

ஒரு எச்சரிக்கை. வண்ணம் எடுப்பாகத் தெரியட்டும் என்று யாராவது மொசைக்மேல் தண்ணீர் தெளிக்க முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தெளித்த தண்ணீர் அடியிலுள்ள உப்பைக் கரைத்து, காயும்போது மேலே கொண்டுவரும். உப்பு படிகமாகி விரியும்போது சில்லைத் தூக்கிவிடும். ஒவ்வொரு தெளிப்பும் அதையே திரும்பச் செய்கிறது.

---

கல்தச்சன்:

பூலா ரெஜியாவின் அருமையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கார் இல்லாமல், மறுநாள் காலை விமானம் வைத்துக்கொண்டு, லூவாஜ் நிரம்பக் காத்திருக்கும் திட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. சூஸ் ரயிலில் இரண்டு இரண்டரை மணி நேரம். அருங்காட்சியகம் பழைய நகரின் உச்சியில், காஸ்பா கோட்டைக்குள். பார்தோவைவிடச் சிறியது, அதனாலேயே நிதானமாகப் பார்க்கலாம்.

அங்கே ஸ்மிராத் மொசைக் ஒன்றுக்காகவே போகலாம். மகேரியஸ் என்ற செல்வந்தர் ஊருக்கு ஒரு வேட்டை விளையாட்டு நடத்திக் கொடுத்தார். நான்கு வேட்டைக்காரர்கள், நான்கு சிறுத்தைகள். ஆளுக்கும் பெயர் உண்டு, சிறுத்தைக்கும் பெயர் உண்டு: விக்டர், கிறிஸ்பினஸ், லக்சூரியஸ், ரோமானஸ். நடுவில் ஒரு பையன் தட்டில் நான்கு பணப்பை ஏந்தி நிற்கிறான். ஒரு சிறுத்தைக்கு 500 தெனாரியஸ் கொடுங்கள் என்று அறிவிப்பாளர் கேட்டது எழுத்தில் இருக்கிறது. பைகளின் மேலோ எட்டைப் படுக்கப் போட்டது போன்ற குறி, ஆயிரம் என்று அர்த்தம். கேட்டதுக்கு இரண்டு மடங்கு. கூட்டம் போட்ட முழக்கமும் அப்படியே எழுத்தில். கல்யாண மண்டபத்தில் மொய்ப்பணத்தை மைக்கில் அறிவிப்பதற்கு இது மூத்த அண்ணன்.

அதே கட்டடத்தில் புலிகள் இழுக்கும் தேரில் டயோனிசஸ் வரும் வெற்றி ஊர்வலம். அவர் இந்தியாவை வென்று திரும்புகிறார் என்பது கதை. புலி வந்தது அதனால்தான். மொக்னினில் கிடைத்த திருஷ்டிக் கண் மொசைக்கில், கண்ணைப் பாம்புகள் சூழ்ந்து தாக்குகின்றன. நமக்கு விளக்கவுரை தேவைப்படாது.

எல் ஜெம் சூஸிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர், அதே ரயில் பாதை. அரங்கமும், நடந்துபோகும் தூரத்தில் அருங்காட்சியகமும். ஆப்பிரிக்கா வீடு என்ற ஒரு முழு ரோமானிய வீட்டை அங்கே திரும்பக் கட்டி மொசைக்குகளை அறை அறையாகத் தரையிலேயே வைத்திருக்கிறார்கள். தரையைத் தரையாகப் பார்க்கும் ஆசை அங்கேயும் தீரும். ஆனால் சூஸையும் எல் ஜெமையும் ஒரே நாளில் துனிஸிலிருந்து போய்வர ரயில் நேரம் ஒத்துழைப்பது கடினம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

---

தெற்குவீதி:

மிக்க நன்றி. திங்கள் விடுமுறை விஷயம் தெரியாமல் போயிருந்தால் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். சூஸ் என்று முடிவு. ஒரு துணைக் கேள்வி: ரோமானியருக்கு முந்தைய தரை எதுவும் பார்க்கக் கிடைக்குமா?

---

சுர்க்கிசாந்து:

கெர்குவான். கேப் போன் (Cap Bon) தீபகற்பத்தின் நுனிப்பக்கம், கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் கைவிடப்பட்டு அதற்குப் பின் யாரும் மேலே கட்டாத பியூனிக், அதாவது ரோமானியருக்கு முந்தைய கார்த்தேஜியர், நகரம். சிவப்பு சுர்க்கித் தளத்தில் வெள்ளைக் கல் சில்லுகளைத் தூவிப் பதித்து மெருகேற்றிய தரைகள், ஒரு வீட்டு வாசலருகே தானித் என்ற பெண் தெய்வத்தின் குறி வெள்ளைச் சில்லில். பொதுப் போக்குவரத்தில் அங்கே போய்வருவது பூலா ரெஜியாவைவிடச் சிரமம், அதனால் இந்த முறை பட்டியலில் சேர்க்க வேண்டாம். கார்த்தேஜில் பீர்சா குன்றின் சரிவில் பியூனிக் குடியிருப்பு ஒன்று தோண்டி வைத்திருக்கிறார்கள். அது திறந்திருந்தால், திங்களன்று அங்கே வீட்டுத் தரைகளில் மிச்சமிருக்கும் சிவப்புச் சாந்தைப் பாருங்கள். மறுநாள் பார்தோவில் நிற்கும்போது, மொசைக்குக்கு அடியில் என்ன இருந்தது என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

---

நிழல்படம்:

கடைசியாக ஒன்று, துனிசிய தினாரை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. டிக்கெட், டாக்ஸிக்குச் சில்லறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், மாற்றிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைத் திருப்பி மாற்ற அதைக் கேட்பார்கள்.